சேர்ந்திசைக்குக் குரல் தேர்வா? சுருதியைக் கவனியுங்கள்

பள்ளிச் சேர்ந்திசைக் குழுவுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது புதுப் பாட்டு எதுவும் கேட்க வேண்டாம். தினமும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தே போதும். 55 நொடிதான், எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் ஆண் ஆசிரியர் தனக்கு வசதியான தாழ்ந்த சுருதியில், அதாவது 1 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) எடுத்துக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு அடிக்குரல் எட்டாது. 'சுருதி சேரவில்லை' என்று நல்ல குரலைத் தள்ளிவிடுவோம். செல்போனில் சுருதிப்பெட்டி செயலியை ஐந்து கட்டையில் வையுங்கள். இடறினால் அரைக் கட்டை ஏற்றியோ இறக்கியோ இன்னொரு முறை பாட விடுங்கள்.

அப்புறம், மூன்று மூன்று பேராகவும் நிறுத்திப் பாருங்கள். பக்கத்துக் குரலோடு ஒட்டிப் பாடுகிறதா என்பது அங்கேதான் தெரியும். கணீரென்று தனித்துக் கேட்கும் குரல் தனிப்பாட்டுப் போட்டிக்குச் சரி. குழுவில் கொஞ்சம் தொந்தரவுதான். குரல் உடையும் வயதுப் பையன்களை மேல்ஸ்தாயியில் (உச்சக் குரலில்) சோதிக்காதீர்கள்.