பைக்கோ டபிள்யூ பாடங்களில் பழைய லிங்க்குகளைச் சரிசெய்வது

ராஸ்பெரி பை பைக்கோ என்ற சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு 2021 ஜனவரியில் வந்தபோது அதற்கு மைக்ரோபைத்தான் (இத்தகைய போர்டுகளுக்கான பைத்தான்) பாடங்கள் எழுதினேன். அடுத்த ஆண்டு வைஃபையோடு பைக்கோ டபிள்யூ வந்ததும் அவற்றில் போர்டின் பெயரையும் படங்களையும் மாற்றினேன். போர்டில் முதலில் ஏற்ற வேண்டிய மென்பொருளான ஃபர்ம்வேரின் லிங்க்கை மட்டும் தொடவில்லை.

சில மாதம் கழித்து ஒரு மாணவி கேட்டார்: இரண்டு நாளாக எல்இடி சிமிட்டவே இல்லை, என்ன செய்வது? கேபிளை மாற்றிப் பார்த்திருக்கிறார். போர்டு பழுது என்று நினைத்து இன்னொன்றும் வாங்கிவிட்டார். லிங்க் என்னவோ நன்றாகத்தான் திறந்தது. ஆனால் இறங்கிய ஃபர்ம்வேர் கோப்பு (யூஎஃப்2) சாதாரண பைக்கோவுக்கானது. சாதாரண பைக்கோவில் எல்இடி ஜிபி25 என்ற பின்னில் இருக்கும். டபிள்யூவில் அது வைஃபை சிப்போடு சேர்ந்திருக்கிறது. பழைய ஃபர்ம்வேரால் அதைத் தொட முடியாது. அந்தப் பெண்ணின் பணம் என் ஒரு வரியால் போனது இன்னும் உறுத்துகிறது.

அதனால் இப்போது லிங்க் பார்க்க உட்கார்ந்தால் போர்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் செத்த லிங்க்குகள். ஸ்ஃபிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியில் எழுதிய பாடம் என்றால் ‘மேக் லிங்க்செக்’ கட்டளை போதும். மார்க்டவுன் உரைக் கோப்புகளுக்கு லைச்சி என்ற லிங்க் சோதிக்கும் கருவி நன்றாக இருக்கிறது. 404 (பக்கம் இல்லை) வந்தவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 403 (அனுமதி மறுப்பு), 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்) வந்தால் உடனே அழிக்காதீர்கள். சில தளங்கள் நிரல்களை உள்ளே விடுவதில்லை, பிரவுசரில் திறந்தால் பக்கம் இருக்கும். 301 (வேறு முகவரிக்கு அனுப்புதல்) வந்தால் எங்கே போய் நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். பல தளங்கள் பழைய பக்கத்தைத் தூக்கிவிட்டு முகப்புக்கு அனுப்பிவிடுகின்றன.

விளக்கக் கட்டுரை காணாமல் போயிருந்தால் இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பழைய பிரதி கிடைக்கலாம், அதைக் கொடுக்கலாம். ஃபர்ம்வேருக்கு அப்படிச் செய்யாதீர்கள். மைக்ரோபைத்தான் தளத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் தனிப் பதிவிறக்கப் பக்கம் இருக்கிறது, அங்கேயே அனுப்புங்கள். ‘இங்கே சொடுக்கவும்’ வேண்டாம். ‘பைக்கோ டபிள்யூவுக்கான மைக்ரோபைத்தான் பதிவிறக்கம்’ என்று முழுதாக எழுதினால், நாளை லிங்க் உடைந்தாலும் படிப்பவர் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்.

கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் குறிப்பிட்ட வரியைக் காட்டும்போது விசைப்பலகையில் ‘ஒய்’ அழுத்திவிட்டு முகவரியை நகலெடுங்கள். அந்த முகவரி கோடின் அப்போதைய பதிவோடு (கமிட்) நின்றுவிடும். பிறகு யார் கோடை மாற்றினாலும் வரி நகராது.

இஎஸ்பி32 (இன்னொரு வகை மைக்ரோகன்ட்ரோலர்) பாடம் வைத்திருப்பவர்கள் ‘லேட்டஸ்ட்’ என்று முடியும் ஆவண லிங்க்குகளைக் கவனியுங்கள். 2024-இல் ஆர்டுயினோவுக்கான இஎஸ்பி32 தொகுப்பின் 3.0 பதிப்பு வந்தபோது பிடபிள்யூஎம் (எல்இடி வெளிச்சம் போன்றவற்றைக் கூட்டிக் குறைக்கும் துடிப்பு) அமைக்கும் ஃபங்ஷன்கள் மாறின. லிங்க் புதியதைக் காட்டும், உங்கள் கோடு பழையதாக இருக்கும். பதிப்பு எண் உள்ள முகவரியைக் கொடுங்கள், அல்லது கோடை மாற்றுங்கள்.

அப்புறம்தான் போர்டு. போர்டிலுள்ள பூட்செல் பட்டனை அழுத்தியபடி கணினியில் செருகி, நினைவகத்தைத் துடைக்கும் ஃப்ளாஷ் நியூக் கோப்பைப் போட்டு முழுதாக அழித்துவிடுகிறேன். வெறும் ஃபர்ம்வேரை மாற்றினால் பழைய நிரல் உள்ளேயே இருந்து எல்இடியைச் சிமிட்டி நம்மை ஏமாற்றிவிடும். பிறகு பாடத்தில் உள்ள லிங்க்கை மட்டும் தொட்டு, முதல் படியிலிருந்து செய்கிறேன். எல்இடி சிமிட்டியதும் எந்தப் பதிப்பில், எந்தத் தேதியில் சோதித்தேன் என்று பக்கத்தின் தலையிலேயே எழுதிவிடுகிறேன்.