குதிரைலாட நண்டில் உலோகம் அளப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

குடுவையை அமிலத்தில் ஊறவை, மாதிரிக்கு லேபிள் ஒட்டு என்பதையெல்லாம் ஆய்வகத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். குதிரைலாட நண்டின் திசுக்களில் காட்மியம், ஈயம், செம்பு அளக்கப் புதிதாக வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை வேறு.

இரத்தத்தின் செம்பை மாசு என்று எழுதுவது

நம் இரத்தத்தில் இரும்பு. இந்தப் பிராணியின் இரத்தத்தில் செம்பு. இதன் ஹீமோசயனின் என்ற இரத்தப் புரதம், ஒவ்வொரு ஆக்சிஜன் மூலக்கூறையும் இரண்டு செம்பு அணுக்களுக்கு நடுவே பிடித்துச் சுமக்கிறது. மாசே படாத கடலில் வளர்ந்த நண்டிலும் செம்பு நிறைய இருக்கும். பாடப்புத்தகத்தில் படித்ததுதான். ஆய்வேடு எழுத உட்காரும்போது மட்டும் மறந்துபோகிறது.

ஒடிசாவின் பாலசோர் கரையில் வலையில் சிக்கிச் செத்தவற்றை வைத்து ஒரு மாணவர் வேலை செய்தார். ஏட்டுச் செவுளில் (புத்தக ஏடுகள் போல அடுக்கிய செவுள்) செம்பு எகிறியிருந்தது, தசையில் குறைவு. படகுகளுக்கு அடிக்கும் செம்புப் பூச்சுதான் காரணம் என்று ஒரு அத்தியாயமே எழுதிவிட்டார்.

"செவுள்ல இரத்தம் இருந்திருக்குமேப்பா?"

"நீலமா எதுவும் தெரியலையே சார்."

ஆக்சிஜன் இல்லாதபோது அந்த இரத்தத்துக்கு நிறமே கிடையாது. செத்த நண்டில் நீலத்தைத் தேடினால்? இதற்குத் திறந்த இரத்த ஓட்டம்; திசு இடுக்கெல்லாம் இரத்தம் நிற்கும். பாக்டீரியா நச்சுப் பட்டால் உறைந்தும்விடும், பிறகு எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. அவர் அளந்தது பெரும்பாலும் இரத்தத்தைத்தான். அமிலம், கருவிக் கட்டணம், ஒரு பருவத்து மாதிரிகள், எல்லாம் வீண். இன்றும் இதே வாதத்தோடு கட்டுரைகள் என் மேசைக்கு வருகின்றன. முதல் பக்கத்திலேயே எரிச்சல் வந்துவிடுகிறது.

உயிருள்ள நண்டின் உடல் கீலில் ஊசி வைத்து இரத்தத்தைத் தனியே எடுத்து அளந்துகொண்டால் ஒப்பிட ஒரு பிடி கிடைக்கும். செத்ததுதான் கையில் இருக்கிறதென்றால் செம்பை வைத்து மாசு பேசாதீர்கள். காட்மியத்தையும் ஈயத்தையும் பாருங்கள். அவற்றுக்கு இந்த உடலில் ஒரு வேலையும் இல்லை.

அனுமதி

குதிரைலாட நண்டுகள் 2009இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. வனத்துறைக் கடிதம் இல்லாமல் செத்ததையும் தொடாதீர்கள்.

ஈர எடையா, உலர் எடையா

முக்கால் பங்கு நீருள்ள திசுவில் உலர் எடைக்கு வரும் எண் நான்கு மடங்கு. எதுவென்று போடாத அட்டவணையை நான் படிப்பதில்லை.

எஃகுக் கத்தி

குரோமியமும் நிக்கலும் தேடுகிறீர்களா? அவை கத்தியின் எஃகிலிருந்தே மாதிரியில் ஒட்டலாம். செராமிக் கத்தி வாங்குங்கள்.

ஓடு

கரையில் கிடக்கும் சிறிய ஓடுகள் பல, குஞ்சுகள் உரித்துப்போட்ட சட்டை, முன்விளிம்பு பிளந்திருக்கும். பெரியவை உரிப்பதை நிறுத்திவிடுவதால் மேலே கொட்டலசு (ஒட்டி வாழும் ஓடுள்ள சிறு கடலுயிர், barnacle) ஏறும். அதைச் சுரண்டாமல் அரைத்தால், கருவி காட்டும் துத்தநாகத்தில் எவ்வளவு கொட்டலசினுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது.