மீடியம் ஃபார்மட் கேமராவில் வேறு நிறுவன லென்ஸ்கள்: ஜிஎஃப்எக்ஸ் வைத்திருப்போருக்கான செய்முறை விளக்கம்

ஃபூஜிஃபில்ம் நிறுவனத்தின் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் 2017-இல் விற்பனைக்கு வந்த பிறகு, மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா ஸ்டுடியோக்களுக்கு வெளியிலும் பலர் கைக்கு வந்து சேர்ந்தது. கேமராவை எப்படியோ வாங்கிவிடுபவர்கள், அதற்கென்றே செய்யப்பட்ட லென்ஸ்களின் விலையைப் பார்த்துத்தான் தயங்குகிறார்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் லென்ஸையோ, குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஃபிலிம் காலத்து லென்ஸையோ ஓர் அடாப்டர் வழியாகப் பொருத்தி நல்ல படம் எடுக்க முடியும். அப்படித் தேர்ந்தெடுக்கும்போது லென்ஸின் புகழைப் பார்க்காதீர்கள். அது சென்சாரின்மேல் விழவைக்கும் பட வட்டம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். இந்த விளக்கத்தில் உள்ள படிகளில் பெரும்பாலானவை அந்த வட்டத்தை அறிந்துகொள்வதற்காகவும், அதற்கேற்பப் படத்தை அமைப்பதற்காகவும் சொல்லப்படுபவை.

படி 1: அளவுகளைப் புரிந்துகொள்ளுதல்

ஜிஎஃப்எக்ஸ் சென்சாரின் அளவு 43.8 × 32.9 மி.மீ. அதன் மூலைவிட்டம் ஏறக்குறைய 55 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் எனப்படும் 36 × 24 மி.மீ. சட்டகத்தின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. மட்டுமே. ஆகவே ஃபுல் ஃப்ரேமுக்கென வடிவமைக்கப்பட்ட லென்ஸ், 43.3 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தைத் தந்தாலே தன் கடமையை முடித்துவிட்டதாகப் பொருள்; அதற்கு மேல் அது தருவதெல்லாம் நமக்குக் கிடைக்கும் உபரி. சில லென்ஸ்கள் தாராளமாகத் தருகின்றன, சில நான்கு மூலைகளையும் கருப்பாக்கிவிடுகின்றன. பொதுவாக, நீண்ட குவியத் தொலைவு கொண்ட லென்ஸ்களும் மேக்ரோ லென்ஸ்களும் அகன்ற வட்டம் தருகின்றன. ஜூம் லென்ஸ்களும் வைட் லென்ஸ்களும் பெரும்பாலும் தருவதில்லை.

அடுத்தது மவுண்டுக்கும் (கேமராவில் லென்ஸை மாட்டும் வாய்) சென்சாருக்கும் இடையிலான தூரம். ஜிஎஃப்எக்ஸ் கேமராவில் இது 26.7 மி.மீ. கேனன் இஎஃப் மவுண்டில் 44 மி.மீ., நிக்கான் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ., மாமியா 645-இல் 63.3 மி.மீ., பென்டாக்ஸ் 67-இல் 84.95 மி.மீ. இந்த இரண்டு தூரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை நிரப்பும் வெற்று உலோக வளையம்தான் அடாப்டர். மாமியாவுக்கு அதன் தடிமன் 36.6 மி.மீ., பென்டாக்ஸ் 67-க்கு 58.25 மி.மீ. உள்ளே கண்ணாடி எதுவும் தேவையில்லை. லைக்கா எம் லென்ஸுக்கு மிஞ்சுவது 1.1 மி.மீ. மட்டுமே என்பதால் அந்த அடாப்டர் ஒரு மெல்லிய தகடுபோல் இருக்கும்.

படி 2: முதல் லென்ஸைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கநிலையில் இருப்பவர் மாமியா 645 லென்ஸ் ஒன்றில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மாமியா செக்கார் சி 80 மி.மீ. எஃப்/2.8 அந்த வரிசையில் எளிதாகக் கிடைக்கும் லென்ஸ். ஏறத்தாழ 56 × 42 மி.மீ. ஃபிலிம் சட்டகத்துக்காக அது செய்யப்பட்டது. அதன் பட வட்டம் ஏறக்குறைய 70 மி.மீ. விட்டமுடையது. மூலை கருப்பாகுமோ என்ற கவலை இல்லாமல், ஃபோகஸ் செய்வதையும் ஒளியளவு வைப்பதையும் நிதானமாகக் கற்றுக்கொள்ள அது இடம் தரும். ஜிஎஃப்எக்ஸில் காட்சிப்பரப்பு 0.79 மடங்கு கணக்கில் மாறுவதால், 80 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃப்ரேமில் 63 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவைக் காட்டும். பென்டாக்ஸ் 67-இன் 105 மி.மீ. எஃப்/2.4 பலரும் விரும்பும் லென்ஸ்தான்; ஆனால் அதன் பழைய டாக்குமார் வகைகளில் தோரியம் கலந்த கண்ணாடி இருப்பதால், ஆண்டுகள் செல்லச் செல்ல அது மஞ்சள் பூத்துவிடுகிறது. புற ஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் அந்த மஞ்சள் பெருமளவு தெளியும். கஸ்டம் வெள்ளைச் சமநிலை வைத்தும் சமாளிக்கலாம்.

கேனன் இஎஃப் லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை) வளையம் கிடையாது; அபர்ச்சர் மின்சாரத்தால் இயங்குகிறது. 40 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் போன்றவற்றில் ஃபோகஸ் வளையம்கூட மின்சாரம் இல்லாமல் எதையும் நகர்த்தாது. டெக்ஆர்ட், ஃப்ரிஞ்சர் போன்ற நிறுவனங்கள் செய்யும் மின்தொடர்புள்ள அடாப்டர் இவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். நிக்கான் ஜி வகை லென்ஸ்களுக்கு அவ்வளவு செலவு வேண்டாம். அபர்ச்சர் நெம்புகோலைத் தள்ளும் வளையம் உள்ள இயந்திர அடாப்டரே போதும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது, அதன் இரண்டு முனை மூடிகளையும் கழற்றி, பின்புறமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோன்ற பூஞ்சை இழைகளும் பால்போன்ற மூட்டமும் சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. கடலோர ஊர்களில் வைத்திருந்த லென்ஸ்களில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

படி 3: அடாப்டரைச் சோதித்தல்

அடாப்டர் வெறும் வளையம்தானே என்று எண்ணிவிடக் கூடாது. தடிமனில் வரும் சிறு பிழையும் படத்தில் தெரியும். அடாப்டர் தேவைக்கு மேல் 0.1 மி.மீ. தடிமனாக இருந்தால், 50 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 25 மீட்டருக்கு அப்பால் ஃபோகஸ் ஆகாது, 80 மி.மீ. லென்ஸுக்கு அந்த எல்லை 64 மீட்டர். குவியத் தொலைவின் வர்க்கத்தைப் பிழையால் வகுத்தால் இந்தக் கணக்கு வரும். இந்த ஆபத்தைத் தவிர்க்கவே பல தயாரிப்பாளர்கள் அடாப்டரைச் சற்று மெல்லியதாகச் செய்கிறார்கள். அப்போது லென்ஸ் முடிவிலிக் குறியையும், அதாவது மிகத் தொலைவுக்கான குறியையும், தாண்டித் திரும்பும். தூர அளவுகோலில் உள்ள எண்களை நம்ப முடியாது. அதனால் படத்துக்குக் கேடில்லை. குறியில் நிறுத்திவிட்டு எடுக்காமல், வ்யூஃபைண்டரைப் பார்த்து ஃபோகஸ் செய்தால் போதும்.

அடாப்டரின் உட்சுவர் பளபளப்பாக இருந்தால் பக்கவாட்டு ஒளி அதில் பட்டுச் சிதறி, படம் முழுவதும் வெளிறும். உள்ளே மங்கலான கருப்புப் பூச்சும் வரிவரியான வெட்டுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். லென்ஸைப் பொருத்தியபின் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள்: சுழலும் திசையில் மிகச் சிறிய ஆட்டம் இருந்தால் பரவாயில்லை, மேலும் கீழுமாகச் சாய்ந்தால் அந்த அடாப்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது. பென்டாக்ஸ் 67 போன்ற கனமான லென்ஸ்களுக்கு, முக்காலியில் மாட்டும் கால் உள்ள அடாப்டராக வாங்குங்கள்; முழு எடையும் கேமரா மவுண்டில் தொங்குவது நல்லதல்ல.

படி 4: பொருத்துதல்

கேமராவை அணைத்துவிட்டு, முதலில் லென்ஸை அடாப்டரில் பொருத்துங்கள். லென்ஸின் பின்பகுதி அடாப்டரைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். உள்ளொடுங்கும் லைக்கா எம் லென்ஸ்களும் பின்கண்ணாடி துருத்திய பழைய வைட் லென்ஸ்களும் உள்ளே இருக்கும் பாகங்களைத் தொட்டுவிடக்கூடும். சந்தேகம் இருந்தால் பொருத்த வேண்டாம். பிறகு கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, அடாப்டரோடு சேர்த்து மாட்டுங்கள். எந்த இடத்திலும் பலம் கொடுத்துத் திருகக் கூடாது.

மாமியா லென்ஸில் ஏ, எம் என்ற சிறு விசை இருக்கும். அதை எம் பக்கம் தள்ளுங்கள். முன்புறமிருந்து பார்த்தபடி அபர்ச்சர் வளையத்தைத் திருப்பினால் தகடுகள் மூடித் திறப்பது தெரியும். தெரியவில்லை என்றால் எந்த எண்ணில் வைத்தாலும் லென்ஸ் முழுதாகத் திறந்தபடியே எடுக்கும்.

படி 5: கேமரா அமைப்புகள்

பட்டன்/டயல் செட்டிங் பகுதியில் "ஷூட் வித்தவுட் லென்ஸ்" என்பதை ஆன் செய்யுங்கள்; இல்லையென்றால் மின்தொடர்பு இல்லாத லென்ஸோடு ஷட்டர் இயங்காது. "மவுண்ட் அடாப்டர் செட்டிங்" பகுதியில் லென்ஸின் உண்மையான குவியத் தொலைவை உள்ளிடுங்கள். ஜிஎஃப்எக்ஸ் 100, 100எஸ், 50எஸ் II, 100 II, 100எஸ் II ஆகியவற்றில் உடலுக்குள்ளேயே நடுக்கத் தடுப்பு இருக்கிறது. தவறான எண் கொடுத்தால் அது தவறான அளவில் ஈடுசெய்து, நடுக்கத்தைக் கூட்டிவிடும். 50எஸ், 50ஆர் இரண்டிலும் அந்த வசதி இல்லை. அவற்றில் ஷட்டர் வேகத்தைக் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். சென்சாரின் நடுவே ஃபுல் ஃப்ரேம் அளவுள்ள பகுதியை மட்டும் பயன்படுத்தும் "35 மி.மீ. ஃபார்மட் மோட்" இப்போதைக்கு ஆஃபில் இருக்கட்டும்.

ஃபோகஸ் முறை எம் (கையால் செய்வது), எக்ஸ்போஷர் முறை ஏ (ஷட்டர் வேகத்தைக் கேமராவே வைப்பது) அல்லது எம். ஷட்டர் மெக்கானிக்கலாக இருக்க வேண்டும். ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசைக் கேமராக்களில், அடாப்டர் வழியாகப் பொருத்தும் வேறு நிறுவன லென்ஸ்களுடன் இந்தத் தேர்வே கிடையாது: அந்த உடல்களுக்குள் திரை ஷட்டர் இல்லாததால், வேற்று லென்ஸ் போட்டால் எலக்ட்ரானிக் ஷட்டரில் மட்டுமே எடுக்க முடியும், வேகமாக நகரும் பொருள்கள் சாய்ந்து பதிவாகும்.

படி 6: ஃபோகஸ் செய்தல்

பின்பக்க டயலை அழுத்தினால் படம் பெரிதாகும். அந்த நிலையில்தான் ஃபோகஸை முடிவு செய்ய வேண்டும். நிறக்கோடு காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதி ஏறத்தாழ எங்கே இருக்கிறோம் என்று சொல்லுமே தவிர, 100 மெகாபிக்சல் சென்சாரின் 3.76 மைக்ரான் பிக்சலுக்குத் தேவையான துல்லியம் அதற்கு இல்லை. முகத்தை எடுக்கும்போது கண்ணிமை முடியைப் பெரிதாக்கி, அது மங்கலிலிருந்து தெளிவுக்கு வந்து மீண்டும் மங்கத் தொடங்கும் வரை வளையத்தைத் திருப்பி, பிறகு சற்றே பின்வாங்குங்கள். எஃப்/4 வரை, எடுக்கப்போகும் அபர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்யலாம். பழைய வேகமான லென்ஸ்களில் அபர்ச்சரை மூடும்போது ஃபோகஸ் சற்று நகர்வதுண்டு என்பதால் இதுவே பாதுகாப்பானது. எஃப்/8-க்கு மேல் எல்லாமே தெளிவாகத் தோன்றி ஏமாற்றும். திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு மூடுங்கள்.

படி 7: பட வட்டத்தைச் சோதித்தல்

ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் ஒன்றைப் பொருத்தும்போது பெரும்பாலோர் அபர்ச்சரை முழுதாகத் திறந்து, அருகில் இருக்கும் ஒரு பொருளை எடுத்துப் பார்த்து, மூலை இருட்டு மெல்லியதாக இருப்பதைக் கண்டு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அது லென்ஸுக்கு மிகச் சாதகமான நிலை. திறந்த அபர்ச்சரில் வட்டத்தின் விளிம்பு படிப்படியாக மங்கித் தெரியும். அருகில் ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் முன்னே நகர்வதால் வட்டமும் பெரிதாகும். கடுமையான சோதனை இதற்கு நேர் எதிரானது: ஃபில்டரையும் ஹூடையும் கழற்றிவிட்டு, முடிவிலியில் ஃபோகஸ் வைத்து, எஃப்/11-இல் வெறும் வானத்தை எடுங்கள். வட்டத்துக்கு வெளியே உள்ள மூலை இப்போது கத்தரித்ததுபோல் கருப்பாகத் தெரியும்.

அதன்பின் தெளிவைப் பாருங்கள். தொலைவில் உள்ள செல்போன் கோபுரம் ஒன்றை, கேமராவை முக்காலியில் வைத்து, நடுவிலும் நான்கு மூலைகளிலும் வருமாறு தனித்தனியாக எடுங்கள். கோபுரத்தின் குறுக்குக் கம்பிகள் பிரிந்து தெரிகின்றனவா என்பதே அளவுகோல். ஒரு மூலை மட்டும் மங்கினால், அதே அடாப்டரில் வேறொரு லென்ஸை மாட்டி மீண்டும் எடுங்கள்: அப்போதும் அதே மூலை மங்கினால் கோளாறு அடாப்டரில், இல்லையென்றால் லென்ஸில். நான்கு மூலைகளும் ஒன்றுபோல் மங்கினால், கோபுரத்தை மூலையில் வைத்தபடியே அந்த மூலையில் ஃபோகஸ் செய்து பாருங்கள். தெளிவு வந்துவிட்டால் லென்ஸ் பலவீனமானது அல்ல, அதன் குவியத் தளம் வளைந்திருக்கிறது. நிலக்காட்சிக்கு ஒத்துவராவிட்டாலும் முகப்படங்களுக்கு அது நன்றாகவே உதவும்.

படி 8: மூலை கருப்பானால்

உடனே 35 மி.மீ. மோடுக்குத் தாவ வேண்டாம். அதில் 50 மெகாபிக்சல் கேமரா சுமார் 30 மெகாபிக்சலாகவும், 100 மெகாபிக்சல் கேமரா சுமார் 60 ஆகவும் குறைந்துவிடும். சட்டகத்தின் வடிவத்தை மாற்றிப் பாருங்கள். 4:3-க்கு 55 மி.மீ. வட்டம் வேண்டும், 3:2-க்கும் 5:4-க்கும் 53 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகவே போதும். 16:9-க்கு 50 மி.மீ. சதுரத்துக்கும் 65:24 பனோரமாவுக்கும் தேவைப்படுவது 47 மி.மீ.க்கும் குறைவு. ஃபுல் ஃப்ரேமின் 43.3 மி.மீ.க்கு மேல் மூன்று, நான்கு மில்லிமீட்டர் உபரி தரும் லென்ஸ்கள் ஏராளம். சதுரத்தில் 50 மெகாபிக்சல் கேமராவே 38 மெகாபிக்சல் தருகிறது. எனவே 4:3-இல் தோற்றுப்போகும் ஒரு லென்ஸ் சதுரத்தில் முழுத் தகுதியோடு நிற்கக்கூடும்; லென்ஸை விற்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

எதிர்ப்பக்கத்தில், கேனனின் டிஎஸ்-இ 17 மி.மீ., 24 மி.மீ. II போன்ற லென்ஸ்கள் 67.2 மி.மீ. வட்டம் தருபவை. ஜிஎஃப்எக்ஸ் சென்சாரை மூடியபின்னும் ஷிஃப்ட் செய்ய, அதாவது லென்ஸைப் பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ நகர்த்த, இடம் மிஞ்சுகிறது. கட்டடங்களை எடுப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள மாற்று லென்ஸ் எனக்குத் தெரியாது.

படி 9: நிறச் சாயலும் மூலை இருட்டும்

மூலைகள் கருப்பாகாமல், சற்றே இருண்டும் ஒரு பக்கம் பச்சையாகவோ ஊதாவாகவோ சாயல் படிந்தும் இருந்தால், மவுண்ட் அடாப்டர் பகுதியில் உள்ள கலர் ஷேடிங், பெரிஃபெரல் இல்லுமினேஷன் திருத்தங்களால் ஓரளவு சரிசெய்யலாம். லைக்கா எம் வைட் லென்ஸ்களில் ஒளி மிகச் சாய்வாகச் சென்சாரை அடைவதால் இந்தச் சாயல் அதிகம். ரா கோப்பில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பில்) வேலை செய்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது: படம் எடுத்தவுடன், அதே அபர்ச்சரிலும் அதே ஃபோகஸிலும், வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்றை லென்ஸின் முன் ஒட்டிப் பிடித்து, இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். லைட்ரூம் கிளாசிக்கின் ஃப்ளாட்-ஃபீல்டு கரெக்ஷனும் கேப்சர் ஒன்னின் எல்சிசியும் அந்த வெள்ளைப் படத்தை வைத்து, நிறச் சாயலையும் மூலை இருட்டையும் நீக்கித் தரும். மின்தொடர்பு இல்லாத அடாப்டரில் அபர்ச்சர் எண் கோப்பில் பதிவாகாது என்பதால், ஒவ்வொரு வெள்ளைப் படமும் எந்த எண்ணில் எடுத்தது என்பதை அப்போதே குறித்து வையுங்கள். ஷிஃப்ட் செய்திருந்தால் எத்தனை மில்லிமீட்டர், எந்தத் திசையில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.