மும்பைக்கு ரயிலில் போகிறீர்களா? மும்பைக்கு முன்னாலேயே இறங்கிவிடுங்கள்

மும்பையில் ரூம் வாடகையைப் பார்த்துவிட்டுப் பயணத்தையே தள்ளிப்போட்டவர்கள் நிறையப் பேர். கொலாபா, ஃபோர்ட், தாதர், அந்தேரி என்று எங்கே தேடினாலும் காசை இறைத்தால்தான் சுமாரான அறையே கிடைக்கும். குறைந்த காசுக்குக் கிடைப்பதில் ஜன்னல் இருக்காது, இருந்தாலும் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் தெரியும். ஆனால் ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் ஏறும் வண்டியே, கடைசி ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, வாடகை குறைவான ஊர்களைத் தாண்டித்தான் போகிறது. அங்கேயே இறங்கி, பெட்டியை ரூமில் போட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு லோக்கல் ரயிலில் மும்பைக்குள் போய்வரலாம். முதல் தடவை போகிறவர்கள் இதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ரூமைத் தேடாதீர்கள், முதலில் உங்கள் வேலை எங்கே என்று பாருங்கள்

எல்லாரும் ரூம் போடும் செயலியைத் திறந்ததும் "மும்பை" என்று போட்டு விலையை வரிசைப்படுத்துவார்கள். அது வேண்டாம். மும்பை நீளவாக்கில் கிடக்கிற ஊர், அதை இணைப்பது லோக்கல் ரயில் பாதைகள். சர்ச்கேட்டிலிருந்து பாந்த்ரா, அந்தேரி, போரிவிலி, விரார் என்று போவது மேற்குப் பாதை. சிஎஸ்எம்டி எனப்படும் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸிலிருந்து தாதர், குர்லா, தானே, கல்யாண் என்று போவது மத்தியப் பாதை. அதே சிஎஸ்எம்டியிலிருந்து வடாலா, குர்லா, வாஷி, பன்வேல் என்று நவி மும்பைக்குப் போவது ஹார்பர் பாதை. இது போக, தானேயையும் நவி மும்பையையும் சேர்க்கிற டிரான்ஸ் ஹார்பர் பாதை ஒன்று உண்டு.

உங்கள் வேலை எந்தப் பாதையில் இருக்கிறதோ, அதே பாதையில் ரூம் எடுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். பாதை மாற வேண்டியிருந்தால், நெரிசல் நேரத்தில் தாதர் மாதிரியான சந்திப்பு ஸ்டேஷனில் ஏறி இறங்கி நடைமேம்பாலத்தில் முட்டி மோதிப் போக வேண்டும். அதைத் தினமும் செய்து மிச்சம் பிடிக்கிற காசு எனக்கு வேண்டாம் என்பேன்.

பரேலில் இருக்கும் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனைக்குத்தான் நம் பக்கத்திலிருந்து பலர் போகிறார்கள். அதற்கு மத்தியப் பாதை சரி. ஃபாஸ்ட் லோக்கலில் (சின்ன ஸ்டேஷன்களில் நிற்காதது) தாதரில் இறங்கி, ஸ்லோவில் (எல்லா ஸ்டேஷனிலும் நிற்பது) ஒரே ஒரு ஸ்டேஷன் போனால் பரேல். ஆனால் சிகிச்சைக்காகப் போகிறீர்கள் என்றால் ரூம் போடுவதற்கு முன் அங்குள்ள மருத்துவ சமூகப் பணித் துறையில் தங்குமிடம் பற்றிக் கேட்டுவிடுங்கள். நோயாளிகளுக்கும் துணைக்கு வருபவர்களுக்கும் தர்மசாலைகள் இருக்கின்றன, அதற்கு அவர்கள் வழி சொல்வார்கள். கீமோ எடுத்துக்கொண்ட ஒருவரை தினமும் ஒரு மணி நேரம் லோக்கலில் கூட்டிப்போவது நடக்கிற காரியம் இல்லை.

படி 2: உங்கள் வண்டி எந்தப் பக்கமாக நுழைகிறது?

சென்னையிலிருந்து சோலாப்பூர், புனே வழியாக வரும் வண்டிகள் மலையிறங்கி கர்ஜத் தாண்டி கல்யாண் வழியாக நுழைகின்றன. பெரும்பாலானவை கல்யாணிலும், பல வண்டிகள் தானேயிலும் நிற்கும். கொங்கண் பாதையில், அதாவது கேரளா, மங்களூர் பக்கமிருந்து வருபவை பன்வேல் வழியாக வரும். டிக்கெட் போடும்போதே நிற்கும் ஸ்டேஷன்களின் பட்டியலைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குத் தேர்வு பெரும்பாலும் மூன்றுதான்.

தானே. சிஎஸ்எம்டியிலிருந்து 34 கிலோமீட்டர், ஃபாஸ்ட் லோக்கலில் முக்கால் மணி நேரம் போல ஆகும். இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று, இன்றைய சிஎஸ்எம்டி இருக்கும் போரி பந்தரிலிருந்து ஓடிவந்து நின்றது இங்கேதான். இன்றைக்கு உங்களுக்கு வேண்டிய விஷயம், இங்கிருந்தே கிளம்பும் லோக்கல்கள் இருக்கின்றன, உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. வாடகை மும்பையைவிடக் குறைவு, ஆனால் அடிமாட்டு விலை இல்லை.

கல்யாண். 54 கிலோமீட்டர், ஃபாஸ்ட்டில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மூன்றில் இங்கேதான் பொதுவாக வாடகை குறைவு. ஸ்டேஷனைச் சுற்றி லாட்ஜ்கள் உண்டு. ஊர் நெரிசலானது, சத்தம் அதிகம், அழகை எதிர்பார்க்காதீர்கள்.

நவி மும்பை. வாஷி, நெரூல், பேலாப்பூர், கார்கர், பன்வேல். அகலமான சாலைகள், கொஞ்சம் மூச்சுவிட இடம். வாஷியிலிருந்து சிஎஸ்எம்டிக்கு ஐம்பது நிமிடம் போல, பன்வேலிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். ஹார்பர் பாதையில் எல்லா வண்டியும் ஸ்லோதான் என்பதையும், அது தாதர் வழியாகப் போகாது என்பதையும் மறந்துவிட வேண்டாம். தாதருக்குப் போக குர்லாவில் மாற வேண்டும்.

வேலை அந்தேரி, மலாட் பக்கம் என்றால் இந்த மூன்றுமே சுற்றுவழி. அப்போது மேற்குப் பாதையில் மீரா ரோடு, பாயந்தர், வசாய் என்று தேடலாம். விராருக்கும் போகலாம், ஆனால் நெரிசல் நேர விரார் ஃபாஸ்ட்டில் ஏறி நடுவில் போரிவிலியில் இறங்க நினைத்தால் உள்ளே இருப்பவர்கள் ஒரு பாட்டுப் பாடுவார்கள். தூரம் போகிறவர்களின் வண்டியில் பக்கத்து ஊர்க்காரன் எதற்கு ஏறினான் என்பது அவர்கள் கட்சி.

படி 3: வரைபடத்தில் ரூம் தேடுவது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செயலியில் "தானே" என்று போட்டால் கோட்பந்தர் சாலையில் இருக்கிற ஓட்டல்களும் வந்து நிற்கும். படம் அழகாக இருக்கும், விலையும் நியாயமாகத் தெரியும். ஆனால் அந்தச் சாலையில் பல இடங்கள் ஸ்டேஷனிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, மாலை நேரத்தில் வாகனங்கள் நகராத சாலை. "கல்யாண்" என்று வருவது பிவண்டி பக்கமோ ஷில் சாலையிலோ இருக்கலாம். "நவி மும்பை" என்பதும் அப்படித்தான், தொழிற்பேட்டைக்குள்ளே கொண்டுபோய் விட்டுவிடும். எனவே பட்டியலைப் பார்க்காதீர்கள், வரைபடக் காட்சிக்கு மாறி, ஸ்டேஷனை நடுவில் வைத்து, நடந்து பத்து நிமிடத்துக்குள் இருப்பதை மட்டும் பாருங்கள். அதற்கு வெளியே எவ்வளவு மலிவாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

அடுத்து, கிழக்கா மேற்கா. மும்பைப் பக்கம் எந்த ஸ்டேஷனானாலும் தண்டவாளம் ஊரை இரண்டாக வெட்டுகிறது. ஒரு பக்கம் ஈஸ்ட், மறுபக்கம் வெஸ்ட். நடந்து போனால் நடைமேம்பாலம் உண்டு. ஆட்டோவில் போனால் சுற்றிக்கொண்டு போய் அரை மணி நேரம் தின்னும். லாட்ஜ் முகவரியில் எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கமாகவே ஸ்டேஷனை விட்டு வெளியே வாருங்கள். இது தெரியாமல் பெட்டியோடு தப்பான பக்கம் இறங்கி நிற்பது தேவையில்லாத வேதனை.

இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டதும் போன் போடுங்கள். இந்தி தடுமாறினாலும் பரவாயில்லை, "ஸ்டேஷன் ஸே பைதல் கித்னா மினிட்? ஈஸ்ட் யா வெஸ்ட்?" (ஸ்டேஷனிலிருந்து நடந்து எத்தனை நிமிடம்? கிழக்கா மேற்கா?) என்ற இரண்டு கேள்வி போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும். கூடவே கேட்க வேண்டியது: 24 மணி நேரக் கணக்கா, அல்லது பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டுமா? உங்கள் வண்டி விடிகாலையில் வந்து சேர்ந்தால் இது முக்கியம். பகல் 12 மணிக் கணக்கு உள்ள இடத்தில் காலை 5 மணிக்குப் போய் நின்றால் ஒரு நாள் வாடகையைக் கூடுதலாகக் கேட்பார்கள், இல்லாவிட்டால் வரவேற்பறையில் உட்கார வைப்பார்கள். அப்புறம் வெந்நீர் எந்த நேரத்தில் வரும், லிஃப்ட் உண்டா, சொல்கிற விலையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா என்பதையும் கேளுங்கள். ஒரு இரவுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். பழைய ஞாபகத்தில் 12 என்று பில் போட்டால் கேளுங்கள்.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விடுங்கள், இரண்டு நட்சத்திரக்காரர்கள் சமீபத்தில் எழுதியதைப் படியுங்கள். மூட்டைப்பூச்சி, பூட்டாத கதவு, முன்பதிவு இருந்தும் ரூம் இல்லை என்று அனுப்பிவிட்டது, இந்த மூன்றில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் அந்த இடம் வேண்டாம். முதல் தடவையாகப் போகும் இடத்துக்கு, போய்ப் பணம் கட்டும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்பார்கள். எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரை எடுத்துப்போய் அதைக் கொடுத்துப் பாருங்கள்.

படி 4: மிச்சமா நஷ்டமா, கணக்குப் போடுங்கள்

ஒரு பேச்சுக்கு, மும்பைக்குள் ரூம் 3,500, கல்யாணில் 1,500 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2,000. லோக்கலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது, கல்யாணிலிருந்து சிஎஸ்எம்டி வரை போனாலும் ஒரு ஆளுக்கு 20 ரூபாயைத் தாண்டாது. இரண்டு பேர் போய்வர நூறு ரூபாய்கூட ஆகாது. லாபம்தான். ஆனால் இரவு லோக்கலை விட்டுவிட்டு ஒரே ஒரு முறை டாக்சி பிடித்தீர்களானால் அந்த நாளின் மிச்சம் பெரும்பகுதி போச்சு. கடைசி லோக்கல்கள் நள்ளிரவு தாண்டி இருந்தாலும், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பத்தரை மணிக்குள் வண்டியில் இருங்கள்.

ஒரே ஒரு இரவு, அதுவும் வயதானவர்களோடு என்றால் வெளியே தங்கச் சொல்ல மாட்டேன். அதற்கு ஸ்டேஷனிலேயே இருக்கும் ரிட்டையரிங் ரூம், டார்மிடரி பாருங்கள். உறுதியான டிக்கெட்டோ ஆர்ஏசியோ இருந்தால் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்தில் போடலாம். டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் இருக்கிறதோ அங்கேதான் கிடைக்கும் என்பதால், சிஎஸ்எம்டியில் வேண்டுமென்றால் டிக்கெட்டையும் சிஎஸ்எம்டி வரை எடுங்கள். தனியாகப் போகிறவர்களுக்கு மும்பை சென்ட்ரலில் 2021-இல் திறந்த பாட் ஓட்டல் இருக்கிறது, ஒரு ஆள் படுக்கிற அளவு பெட்டி அறைகள். மூடிய இடம் ஒத்துவராதவர்களுக்கு ஆகாது.

படி 5: லோக்கலில் ஏறுவது

டிக்கெட்டை ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்பே ரயில்வேயின் ரயில்ஒன் செயலியில் எடுங்கள், அல்லது தானியங்கி இயந்திரத்தில். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். ஏசி லோக்கலுக்குத் தனி டிக்கெட், சாதாரண டிக்கெட்டோடு ஏறக்கூடாது. குழந்தைகளோடு போகிறவர்கள் அந்தக் காசைக் கொடுத்துவிடலாம், கதவு தானாக மூடிக்கொள்ளும் வண்டி அது.

பிளாட்பாரத்தில் தொங்கும் இண்டிகேட்டரில் போகும் ஊருக்கான எழுத்து, அதற்குப் பக்கத்தில் எஸ் அல்லது எஃப், பெட்டிகள் 12 அல்லது 15 என்று வரும். எஸ் என்றால் ஸ்லோ, எஃப் என்றால் ஃபாஸ்ட். ஃபாஸ்ட் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது. மாட்டுங்காவில் இட்லி சாப்பிடப் போகிறேன் என்று ஃபாஸ்ட்டில் ஏறினால் அது குர்லாவிலிருந்து நேராகத் தாதர் போய்த்தான் மூச்சுவிடும். (போகத்தான் வேண்டும், தென்னிந்திய ஓட்டல்களுக்குப் பேர் போன இடம்.)

காலை 8 முதல் 11 வரை நகரத்தை நோக்கியும், மாலை 5.30 முதல் 9 வரை வெளியே வரும் திசையிலும் கூட்டம் பிதுங்கும். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் 7 மணிக்குள் கிளம்பலாம், அல்லது 11 மணிக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை என்றால் மெகா பிளாக் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். தண்டவாள வேலைக்காகப் பகலில் சில மணி நேரம் சில பாதைகளை நிறுத்தியோ திருப்பியோ விடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கனமழை நாளில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் லோக்கலே நின்றுவிடும், அந்த மாதிரி நாளில் ரூமை விட்டு நகராமல் இருப்பது உத்தமம்.

தெற்கு மும்பையில் ஆட்டோ தேடி அலையாதீர்கள். பாந்த்ரா, சயனுக்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது, டாக்சியும் பஸ்ஸும்தான்.

படி 6: ஊர் திரும்பும் நாள்

திரும்பும் டிக்கெட் சிஎஸ்எம்டியிலிருந்து போட்டிருந்து, நீங்கள் கல்யாணில் ஏறப்போகிறீர்கள் என்றால், முன்கூட்டியே ஐஆர்சிடிசியில் ஏறும் இடத்தை மாற்றிவிடுங்கள். மாற்றாமல் கல்யாணில் போய் நின்றால், நீங்கள் வரவில்லை என்று குறித்து டிடிஇ உங்கள் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம். மாற்றியபின் சிஎஸ்எம்டியில் ஏறும் உரிமை போய்விடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் போடும்போதே கல்யாணிலிருந்து போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

கல்யாணில் வண்டி சில நிமிடங்கள்தான் நிற்கும், ஏறுகிற கூட்டமோ அதிகம். எனவே அரை மணி நேரம் முன்னதாகப் போய், உங்கள் பெட்டி பிளாட்பாரத்தில் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று பலகையைப் பார்த்து, அங்கேயே மூட்டை முடிச்சுகளோடு நின்றுகொள்ளுங்கள்.