ஒரு வட்டாரத்தில் மலேரியாவின் பரவலை அளக்கும் முறை

கோலாலம்பூரில் பொதுச் சுகாதாரம் படிக்கும் நம் மாணவர்கள் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, இன்று எத்தனை பேர் உடலில் ஒட்டுண்ணி இருக்கிறது என்பதும், ஓராண்டில் எத்தனை பேருக்கு நோய் புதிதாகக் கண்டது என்பதும் வெவ்வேறு கணக்குகள் என்பதே.

முதல் கணக்குக்கு, காய்ச்சலோடு கிளினிக்கிற்கு வந்தவர்களை எண்ணக்கூடாது. வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, நலமாகத் தெரிபவர்களின் இரத்தத்தையும் எடுக்க வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்த துளியைக் கண்ணாடித் தகட்டில் தடிப்பாகப் பரப்பி, நன்கு உலரவிட்டு, மெத்தனாலில் நனைக்காமல், ஒட்டுண்ணியை நிறமூட்டிக் காட்டும் கீம்சா சாயமேற்றுங்கள். நுண்ணோக்கியில் குறைந்தது 100 புலங்களை (ஒரே பார்வையில் தெரியும் வட்டப் பரப்புகளை) பார்த்த பின்னரே 'இல்லை' என்று எழுதலாம். அவசரக்காரர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். 2 முதல் 9 வயதுள்ள 400 குழந்தைகளில் 36 பேருக்கு ஒட்டுண்ணி இருந்தால், விகிதம் 9 விழுக்காடு.

நுண்ணோக்கி வசதி அரிதாயிருந்த காலத்தில் குழந்தைகளின் இடது விலாவுக்குக் கீழே தடவி, மலேரியாவால் மண்ணீரல் வீங்கியோரை எண்ணினார்கள்; 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் தோட்டங்களில் இவ்வழியைப் பின்பற்றினார்.

இரண்டாம் கணக்கு எளிது: ஓராண்டில் உறுதியான நோயாளிகளை மக்கள்தொகையால் வகுத்து 1000ஆல் பெருக்குங்கள். சோதித்த தகடுகளின் எண்ணிக்கையையும் உடன் தராவிட்டால் அந்த எண்ணை நம்பவேண்டாம். தேடாத இடத்தில் நோய் குறைவாகத்தான் தெரியும்.

மலேசியாவில் 2018 முதல் உள்ளூரில் மனித மலேரியா (கொசு வழியே மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் வகைகள்) தொற்றவில்லை. குரங்குகளிடமிருந்து வரும் நோலெசி வகை தொடர்கிறது. நுண்ணோக்கியில் அது மனித மலேரியா வகைகளுள் ஒன்றான 'மலேரியே' வகையைப் போலவே தோன்றுவதால், ஒட்டுண்ணியின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனையால் பிரித்துத் தனியே கணக்கிடுங்கள்.