மெயில் கண்காணிப்பில் தரவு விடுபட்ட நாட்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொத்தமாக மெயில் அனுப்பும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு டாஷ்போர்டு கட்டிவிடுகிறார்கள். ஜிமெயிலுக்கு கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ், அவுட்லுக்கிற்கு மைக்ரோசாஃப்ட்டின் எஸ்என்டிஎஸ் (இரண்டும் உங்கள் மெயில் அங்கே எப்படி நடத்தப்படுகிறது என்று காட்டும் கருவிகள்), யாஹூ அனுப்பும் புகார் அறிக்கைகள், டிமார்க் அறிக்கைகள் (உங்கள் டொமைன் பெயரில் வந்த மெயில் அடையாளச் சரிபார்ப்பில் தேறியதா என்று பெறும் சேவைகள் அனுப்புவது), சொந்த சர்வரின் லாக் (நடந்ததைப் பதியும் கோப்பு) என்று எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும். இரண்டு வாரம் போனால் திரையில் ஓட்டைகள் தெரியும். சில நாட்களுக்கு எண் இருக்கும், சில நாட்களுக்கு இருக்காது. அந்த ஓட்டையை என்ன செய்வது என்ற இடத்தில்தான் ஒருவர் பின் ஒருவராக அதே தவறைச் செய்கிறார்கள்.

எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) பதிவு வைக்க மறப்பது, டிகேஐஎம் (மெயிலில் டொமைன் இடும் டிஜிட்டல் கையெழுத்து) சாவி மாற்றாமல் விடுவது போன்றவை இங்கே இல்லை. அவற்றைச் சொல்லித் தரும் கட்டுரைகள் தாராளமாக இருக்கின்றன.

காலிக் கட்டத்தில் பூஜ்யம் போடுவது

இந்த ஒன்றைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது. செய்வதற்கு ஒரு வரி போதும், விளைவு மாதக்கணக்கில் நீளும்.

போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் எல்லா நாளுக்கும் எண் தராது. உங்கள் டொமைனிலிருந்து ஜிமெயில் பயனர்களுக்கு அன்று போன மெயில் போதிய அளவில் இல்லையென்றால் அந்த நாளையே விட்டுவிடும். ஏபிஐ வழியாக, அதாவது நிரல் மூலம் எடுத்தாலும் அந்தத் தேதிக்குப் பதிவே வராது. தேதி வரிசை அறுபடாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவர், பைத்தானில் பாண்டாஸ் என்ற தரவு நூலகம் வைத்திருந்தால் ஃபில்என்ஏ என்ற காலி நிரப்பும் கட்டளையைப் போட்டுப் பூஜ்யம் நிரப்புகிறார். தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் எழுதுகிறவர் கோலெஸ் போட்டு அதையே செய்கிறார். இத்தனைக்கும் எஸ்க்யூஎல்லின் சராசரிக் கணக்கு காலி மதிப்பைத் தானாகவே ஒதுக்கிவிடும். கெடுப்பது நடுவில் செருகிய அந்த ஒரு சொல்தான்.

பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் பையன் வரவில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆசிரியர் அன்று பெயரே கூப்பிடாமல் இருந்திருக்கலாம். இங்கேயும் அதே நிலைதான்.

கணக்காகப் பார்ப்போம். ஒரு கடை திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் விளம்பர மெயில் அனுப்புகிறது. ஜிமெயிலுக்கு மட்டும் முறையே 60,000, 20,000, 40,000. மற்ற நாட்களில் போவது ரசீதும் ஓடிபியும் சேர்ந்து சில நூறுதான். ஸ்பேம் விகிதம், அதாவது பெற்றவர்கள் ஸ்பேம் என்று குறித்த பங்கு, திங்கள் 0.28%, புதன் 0.34%, வெள்ளி 0.31%. மீதி நான்கு நாளும் காலி. காலியைப் பூஜ்யமாக்கி ஏழால் வகுத்தால் வாரச் சராசரி 0.13%. எண் வந்த மூன்று நாளுக்கு மட்டும் வகுத்தால் 0.31%. மெயில் எண்ணிக்கையால் எடையிட்டால் 0.30%. கூகுள் 0.10%-க்குக் கீழே இருக்கச் சொல்கிறது, 0.30%-ஐ ஒருபோதும் தொடாதீர்கள் என்கிறது. பூஜ்யம் நிரப்பிய திரையில் அந்தக் கடை 'கொஞ்சம் கூடுதல்' என்ற மஞ்சளில் நிற்கும். உண்மையில் அது எல்லைக்கோட்டின் மேல் நிற்கிறது.

எடையிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிமெயில் ஏற்றுக்கொண்ட மெயிலின் எண்ணிக்கைதான் உங்கள் லாக்கில் இருக்கும். இன்பாக்ஸில் எத்தனை விழுந்தன என்பது தெரியாது. ஆகவே 0.30 என்பதும் தோராயம்தான். ஆனால் 0.13 தோராயம்கூட இல்லை, தவறான எண்.

7 நாள் விதியிலும் இதே பூஜ்யம் ஏமாற்றும். மொத்த அனுப்புநர்களுக்கான விதிகளை கூகுள் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்தது. 0.3%-ஐத் தாண்டியவர்கள் சிக்கலுக்கு கூகுளிடம் நிவாரணம் கேட்க முடியாது, தொடர்ந்து 7 நாள் அதற்குக் கீழே இருந்தால்தான் மறுபடி தகுதி. பூஜ்யம் நிரப்பிய அட்டவணையில் மெயில் அனுப்பாத நாட்களும் சேர்ந்து அந்த 7 நாள் தானாக நிறைவேறிவிட்டதுபோலத் தெரியும்.

இதைவிட ஆபத்தானது, உண்மையாகவே 0% என்று எண் வரும் நாள். அந்த விகிதம் எதை எதால் வகுத்து வருகிறது என்று பாருங்கள். பயனர்கள் ஸ்பேம் என்று குறித்தவற்றை, இன்பாக்ஸில் விழுந்தவற்றால் வகுக்கிறார்கள். மெயில் நேராக ஸ்பேம் ஃபோல்டருக்கே போய்விட்டால் அதை ஸ்பேம் என்று குறிக்க ஆளே இல்லை. நிலைமை மோசமாக மோசமாக எண் இறங்கும். 0.25, 0.31 என்று இருந்தது திடீரென 0.02 ஆனால் மகிழ்ச்சி வேண்டாம், அன்றைய கிளிக் எண்ணிக்கையைப் பாருங்கள். ஜிமெயில் முகவரிகளில் மட்டும் கிளிக் குறைந்திருக்கிறதா என்று தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

அடுத்து, காலி நாட்கள் தற்செயலாக வருவதில்லை. ஜிமெயில் உங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கினால் 421 4.7.28 என்ற தற்காலிக மறுப்பு வரிசையாக வரும். மெயில் க்யூவில் தேங்கும், அன்று உள்ளே போன எண்ணிக்கை சரியும், போஸ்ட்மாஸ்டரில் அந்த நாள் காலியாகும். அதாவது சிக்கல் உச்சத்தில் இருக்கும் நாளே தரவில் இல்லாமல் போகிறது. அந்த இடத்தில் பூஜ்யம் போட்டாலும் தவறு. முன்நாளையும் பின்நாளையும் கூட்டி இரண்டால் வகுத்துப் போட்டாலும் தவறு. காலியைக் காலியாகவே வைத்து, பக்கத்தில் அன்றைய லாக் எண்ணிக்கையை எழுதுங்கள். கிராஃபில் கோடு அறுபட்டே தெரியட்டும். வரைபடக் கருவியான கிராஃபானாவில் காலி மதிப்புகளை இணைக்கும் அமைப்பை 'வேண்டாம்' என்று வையுங்கள்.

ஏபிஐ பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் ஒரு நுணுக்கம். நாளுக்கான பதிவே வராதது ஒன்று. பதிவு வந்து, அதில் ஸ்பேம் விகிதப் புலம் மட்டும் இல்லாதது வேறு. மதிப்பு பூஜ்யமாக இருந்தால் புலத்தையே விட்டுவிட்டு அனுப்புவது கூகுள் ஏபிஐகளில் வழக்கம். இரண்டையும் ஒரே நிபந்தனைக்குள் தள்ளாதீர்கள். வந்த பதிலை அப்படியே மூல வடிவில் சேமித்துவிட்டுப் பிறகு பிரித்தெடுங்கள்.

ஏன் காலி என்று எழுதாமல் விடுவது

எண்ணுக்குப் பக்கத்தில் 'நிலை' என்று ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும். அனுப்பவே இல்லை, அளவு போதவில்லை, இன்னும் வரவில்லை, எடுப்பதில் கோளாறு என்று நான்கு மதிப்பு இருந்தால் பெரும்பாலும் போதும். அதை நிரப்ப முதலில் பார்க்க வேண்டியது சொந்த லாக். அன்று ஜிமெயில் சர்வர்கள் 250 என்று பதில் சொல்லி ஏற்றுக்கொண்டவை எத்தனை? 300 என்றால் காலி இயல்பானது. 80,000 ஏற்கப்பட்டும் காலி என்றால் உடனே தேட வேண்டும்.

அப்படித் தேடும்போது முதல் சந்தேகம் டிகேஐஎம் மேல் விழட்டும். ஸ்பேம் விகிதக் கணக்கில் டிகேஐஎம் தேறிய மெயில் மட்டுமே சேரும். அனுப்பும் நிறுவனத்தை மாற்றியபோது கையெழுத்து உங்கள் டொமைனுக்குப் பதிலாக அவர்களுடைய டொமைனில் விழத் தொடங்கியிருந்தால், மெயில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும், உங்கள் பக்கம் மட்டும் வெறுமையாகும். அந்தத் தேதிக்கு கூகுள் அனுப்பிய டிமார்க் அறிக்கையைத் திறந்தால் எந்த டொமைனின் கையெழுத்து எத்தனை மெயிலில் தேறியது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது டிஎன்எஸ், அதாவது டொமைனின் பதிவுகள் இருக்கும் பெயர்ப் புத்தகம். வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது கூகுள் சரிபார்ப்புக்கான டெக்ஸ்ட் பதிவை நகலெடுக்காமல் விட்டிருந்தால், உரிமை போய்த் தரவு நிற்கும்.

மூன்றாவது டோக்கன், அதாவது தரவை எடுக்க உங்கள் செயலிக்குக் கிடைக்கும் அனுமதிச் சீட்டு. கூகுள் கன்சோலில் உங்கள் செயலி வெளிப் பயனர் வகையில், இன்னும் 'டெஸ்டிங்' நிலையில் இருந்தால் அதன் ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகும். சரியாக ஒரு வாரம் ஓடி நின்றுபோகும் டாஷ்போர்டுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். செயலியை 'புரொடக்‌ஷன்' நிலைக்கு மாற்றிப் புதிதாக அனுமதி வாங்குங்கள்.

எச்சரிக்கை விதியும் இதோடு சேர்ந்தது. 'விகிதம் 0.1-ஐத் தாண்டினால் தகவல் சொல்' என்ற விதி, எண்ணே வராதபோது வாய் திறக்காது. 'ஏற்கப்பட்ட மெயில் 10,000-க்கு மேல், 72 மணி நேரமாகியும் எண் இல்லை' என்று தனி விதி ஒன்று வையுங்கள். 10,000 என்பதை உங்கள் அளவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

நேற்றைய எண்ணை இன்றைக்கே முடிவாக எடுப்பது

போஸ்ட்மாஸ்டர் தரவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும், சில நேரம் இன்னும் தாமதமாகும். தினமும் நேற்றைய தேதியை மட்டும் கேட்கும் ஸ்கிரிப்ட், தாமதமாக வந்த எண்ணை ஒருபோதும் பார்க்காது. ஒவ்வொரு முறையும் கடைசி 7 நாளையும் கேளுங்கள். எடுத்த நேரத்தையும் சேர்த்துச் சேமியுங்கள். பழைய வரியின் மேல் எழுதாமல் புது வரியாகச் சேருங்கள்.

நாளின் எல்லையையும் பாருங்கள். கூகுளின் டிமார்க் அறிக்கை யுடிசி (உலகப் பொது நேர) நாளைக் கணக்கில் எடுக்கிறது. இந்திய நேரம் அதிகாலை 4 மணிக்கு அனுப்பியது அதில் முந்தைய நாளில் விழும். லாக்கை யுடிசியில் வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

எஸ்என்டிஎஸ் நிறங்களுக்குச் சராசரி எடுப்பது

ஒரு ஐபியிலிருந்து வந்த மெயிலில் எவ்வளவு ஸ்பேமாகக் கருதப்பட்டது என்பதை எஸ்என்டிஎஸ் நிறத்தில் காட்டும். பச்சை என்றால் 10%-க்குக் குறைவு, சிவப்பு என்றால் 90%-க்கு மேல், நடுவில் உள்ள அத்தனையும் மஞ்சள். 11-உம் மஞ்சள், 89-உம் மஞ்சள். இதில் சராசரிக்கு அர்த்தமில்லை. ஒரு ஐபியிலிருந்து நாளுக்கு 100 மெயிலாவது போகாவிட்டால் அதற்கு வரியே வராது. இது அவுட்லுக் டாட் காம், ஹாட்மெயில் போன்ற தனிநபர் கணக்குகளுக்கு மட்டும். மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருக்கும் நிறுவனங்களுக்குப் போகும் மெயில் இதில் என்றைக்கும் தெரியாது. அங்கே உங்களுக்கு லாக்கும் பதில்களும்தான்.

ஓப்பன் ரேட்டை வைத்து ஓட்டையை அடைப்பது

வேண்டாம். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15-உடன் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, மெயிலை யாரும் திறக்காமலேயே படங்களை இறக்கிக்கொள்கிறது. ஓப்பன் ரேட் கணக்கிடப்படுவதே படம் இறங்கியதை வைத்துத்தான்.

எண் வருவதற்கான குறைந்தபட்ச அளவைத் தாண்டுவதற்காகக் கூடுதல் மெயில் அனுப்புவது

எண்ணைப் பார்க்கும் ஆசையில் புகாரை வாங்கிக்கொள்வீர்கள்.

பிளாக்லிஸ்ட்டிலிருந்து பதில் வராததை 'பட்டியலில் இல்லை' என்று படிப்பது

பிளாக்லிஸ்ட் என்பது ஸ்பேம் அனுப்புவதாகக் கருதப்படும் ஐபிகளின் பட்டியல், அதில் இருக்கிறோமா என்று டிஎன்எஸ் வழியாகக் கேட்பார்கள். டிஎன்எஸ் கேள்விக்கு நேரம் தீர்ந்துபோவது வேறு, அப்படி ஒரு பெயர் இல்லை என்று பதில் வருவது வேறு. முதலாவதைப் 'பார்க்க முடியவில்லை' என்று பதியுங்கள். ஸ்பாம்ஹாஸ் என்ற பிளாக்லிஸ்ட்டை 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விக்கு விடை தேடித் தரும் சர்வர்) வழியாகக் கேட்டால் 127.255.255.254 என்று பதில் வரும். அளவுக்கு மீறிக் கேட்டால் 127.255.255.255. இரண்டும் பிழைக் குறியீடுகள். எந்தப் பதில் வந்தாலும் 'சிக்கிவிட்டோம்' என்று அலறும் ஸ்கிரிப்ட்டுகள் இங்கேதான் நள்ளிரவில் ஆளை எழுப்புகின்றன. சொந்த ரிசால்வர் வைத்துக் கேளுங்கள், 127.255.255 என்று தொடங்குவதைத் தனியே ஒதுக்குங்கள். 2024 ஜூனில் மூடப்பட்ட சோர்ப்ஸ் பிளாக்லிஸ்ட் நீங்கள் கேட்பவற்றில் இன்னும் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

டிமார்க் அறிக்கைப் பெட்டியைக் கவனிக்காமல் விடுவது

அறிக்கைகள் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் இணைப்புகளாக வருகின்றன. பெட்டி நிரம்பித் திரும்பிப் போனால், அந்த நாளைத் திரும்பக் கேட்டு வாங்க வழியில்லை. அறிக்கை முகவரி வேறு டொமைனில் இருந்தால், பெற்றுக்கொள்ளச் சம்மதம் என்று அந்த டொமைன் தன் டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவு வைத்திருக்க வேண்டும். அது காணாமல் போனால் ஒழுங்காக அனுப்பும் நிறுவனங்கள் எந்தப் பிழையும் சொல்லாமல் நிறுத்திவிடும். கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றிடமிருந்தும் அறிக்கை வந்ததா என்று தினமும் எண்ணும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று போதும்.

லாக்கைச் சீக்கிரம் அழிப்பது

மேலே சொன்ன எல்லாச் சோதனைக்கும் அடிப்படை சொந்த லாக். டெபியன் லினக்ஸில், லாக் கோப்புகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டின் வழக்கமான அமைப்பு வாரம் ஒரு கோப்பாக நான்கு வாரத்தை மட்டும் வைத்திருக்கும். மூன்று மாதத்துக்கு முந்தைய காலி நாளுக்குக் காரணம் தேடினால் கையில் ஒன்றும் இருக்காது. முழு லாக்கை அவ்வளவு காலம் வைக்க இடமில்லையென்றால், நாள், பெறும் சேவை, அனுப்பும் டொமைன், ஐபி, பதில் குறியீடு இவற்றின்படி எண்ணிக்கையை மட்டும் சுருக்கிப் பதின்மூன்று மாதம் வையுங்கள். சுருக்கும்போது 421 4.7.28, 550 5.7.26 போன்ற நீட்டிய குறியீட்டை வெறும் 421, 550 என்று வெட்டிவிடாதீர்கள். முன்னது கட்டுப்பாடு, பின்னது அடையாளச் சரிபார்ப்பு தேறாதது என்று சொல்வது பின்னால் வரும் அந்த எண்கள்தான். பெறுநர் முகவரியைச் சுருக்கத்தில் சேர்க்கத் தேவையில்லை.