திரையில் பூஜ்யம் என்றதும் ஃபேனை மாற்றாதீர்கள்

பாம்பனிலிருந்து பழுது பார்க்க ஒரு கணினி வந்தது. மீன் வியாபாரக் கணக்கு பார்க்கிற கணினி. கணினி கிளம்பும்போது திறக்கிற அமைப்புத் திரையான பயாஸில், பெட்டிக்குள் காற்றோட்டம் தரும் கேஸ் ஃபேனின் வேகம் பூஜ்யம் என்று காட்டியதால், உரிமையாளர் அதற்குள் இரண்டு முறை புது ஃபேன் வாங்கி மாட்டிவிட்டார். பூஜ்யம் மாறவில்லை. பக்கத் தகட்டைக் கழற்றினால், உள்ளே ஃபேன் நன்றாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது!

திரையை நம்பிவிட்டுக் கண்ணால் பார்க்காமல் இருப்பதுதான் முதல் தவறு. மூன்று பின் ஃபேனில் ஒரு ஒயர் கிரவுண்ட், ஒன்று 12 வோல்ட், மற்றது வேகத்தைச் சொல்வது. சுழல்வதற்கு முதல் இரண்டே போதும். பெரும்பாலான ஃபேன்கள் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை மூன்றாவது ஒயரில் அனுப்பும். நொடிக்கு 40 துடிப்பு வந்தால் நிமிடத்துக்கு 1200 சுற்று. அந்த ஒரு இணைப்பு விட்டுப்போனால் ஃபேன் ஓடும், எண் வராது.

இங்கே விட்டுப்போனது, ஃபேன் ஒயரைச் செருகும் முதன்மைப் பலகையான மதர்போர்டில். டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்றாவது பின்னின் அடியில் பச்சையாகக் களிம்பு. கச்சானோ வாடையோ, எந்தக் காற்று அடித்தாலும் நம் கரையில் உப்பும் சேர்ந்தே வருகிறது. படிந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. இதைச் சுரண்ட உப்புத்தாளை எடுக்காதீர்கள். பின்னின் மேல்முலாம் போய்விட்டால் களிம்பு இன்னும் சீக்கிரம் ஏறும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான தூரிகையால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஒயர் நிறத்தை நம்பி ஒட்டுப்போடும் பழக்கம். பவர் சப்ளையிலிருந்து வரும் நான்கு ஒயர் செருகியான மோலெக்ஸ் இணைப்பில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட். பல மூன்று பின் ஃபேன்களிலோ சிவப்புதான் 12 வோல்ட்; மஞ்சள் வேகத்தைச் சொல்வது. சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள் என்று முறுக்கினால், துடிப்பு அனுப்ப வேண்டிய ஒயரில் 12 வோல்ட் நேராக ஏறிவிடும். நான்கு பின் ஃபேன்களில் பெரும்பாலும் மஞ்சளே 12 வோல்ட், வேகத்துக்குப் பச்சை. ஆகவே நிறத்தை விடுங்கள், பின்னின் வரிசையைப் பாருங்கள்.

ஒரே இணைப்பில் இரண்டு ஃபேன்களைப் பிரித்து மாட்டும்போது, ஒன்றின் வேக ஒயர் மட்டுமே மதர்போர்டுக்குப் போக வேண்டும். இரண்டும் போனால் துடிப்புகள் கலந்து எண் தாறுமாறாகக் குதிக்கும். மூன்று பின் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் இரைந்தால், பயாஸில் அந்த இணைப்பை பி.டபிள்யூ.எம். முறையிலிருந்து (நான்காவது பின் வழியாக வேகத்தைக் கட்டுப்படுத்துவது) டி.சி. முறைக்கு (வோல்ட்டைக் கூட்டிக் குறைப்பது) மாற்றிப் பாருங்கள். ஊதுகருவியால் தூசு தட்டும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் தேயும்.

பின்னைத் துடைத்து மாட்டியதும் அந்தப் பாம்பன் கணினி 1180 என்று காட்டியது. கழற்றிப் போட்டிருந்த மற்ற இரண்டு ஃபேன்களையும் அதே இடத்தில் மாட்டிப் பார்த்தேன். இரண்டும் ஓடின, இரண்டுக்கும் எண் வந்தது.